தேசி இலை வினாகிரி: பைப்பில் படியும் வெள்ளைக் கறைக்கு

தேசி மரத்தைக் கத்தரித்த பிறகு கொப்புகளைக் குப்பையில் எறியத் தேவையில்லை. இலைகளை வினாகிரியில் ஊறவைத்தால், கிணற்றுத் தண்ணீர் பைப்பிலும் கண்ணாடியிலும் விட்டுப்போகும் வெள்ளைப் படிவை எடுக்க நல்ல திரவம் கிடைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதற்குள் ஊறிவரும் நீரில் கரைந்திருக்கும் கல்சியம்தான் காய்ந்ததும் கறையாகிறது. கறையைக் கரைப்பது வினாகிரியின் அமிலம். இலை தருவது மணமும், பிசுக்கை இளக்கும் கொஞ்ச எண்ணெயும்தான். கிருமிநாசினி என்று இதை நம்பக் கூடாது.

குளிர்நாடுகளில் இதற்குப் பைன் மரக் கிளைகளை எடுப்பார்கள். அதைப் பார்த்து நத்தாருக்கு வெட்டிய சவுக்கங் கொப்பைப் போட வேண்டாம். பார்வைக்குப் பைன் மாதிரி இருந்தாலும் சவுக்கு வேறு இனம், அந்த மணம் அதில் வராது.

ஒரு லீற்றர் கொள்ளும் வாயகன்ற கண்ணாடிப் போத்தல் எடுங்கள். முள்ளும் தண்டும் நீக்கிய இலையைக் கழுவி, நிழலில் ஓர் இரவு உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் வினாகிரி நீர்த்துவிடும். உலர்ந்ததும் கையால் கசக்கி, அமுக்காமல் போத்தலில் முக்கால்வாசி நிரப்புங்கள். பிழிந்த நாலைந்து தேசிக்காயின் தோலையும் சேர்த்தால் மணம் கூடும், ஏனெனில் தோலில்தான் எண்ணெய் அதிகம். உள்ளே ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துடைத்த இடம் பிசுபிசுக்கும்.

நிறமற்ற வெள்ளை வினாகிரி ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். தென்னங்கள் வினாகிரி சமையலுக்கு அருமை, இதற்குச் சரிவராது. அதன் நிறம் வெள்ளைத் துணியில் பிடிக்கும். இலை முழுதும் அமிழ்ந்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிடிப்பது மேலே மிதக்கும் இலையில்தான். தகர மூடியை வினாகிரி அரிக்கும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள். வெயில் படாத இடத்தில் இரண்டு, மூன்று கிழமை வைத்து, இடைக்கிடை குலுக்குங்கள். இலை பழுப்பாவது இயல்பு. பிறகு மெல்லிய துணியில் இருமுறை வடியுங்கள், தூள் தங்கினால் தெளிப்பான் அடைபடும்.

பொதுத் துடைப்புக்குச் சம அளவு தண்ணீர் கலக்கலாம். கிணற்று நீரை அப்படியே கலந்தால் அதிலுள்ள கல்சியத்தால் கண்ணாடியில் புள்ளி விழும். மாரியில் பிடித்த மழைநீர் சிறந்தது. இல்லையென்றால் கொதித்து ஆறிய நீரின் தெளிவை எடுங்கள்.

பைப் வாயில் கெட்டியான படிவுக்குத் தண்ணீர் கலக்காமலே துணியை நனைத்துச் சுற்றி, அரை மணி விட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கேத்திலுக்கு வெறும் வினாகிரியே போதும், தேத்தண்ணியில் இலை மணம் வேண்டாம்.

சீமெந்து நிலம், மாபிள், அலுமினியப் பாத்திரம் மூன்றிலும் படவிடாதீர்கள். அமிலம் அரித்து மங்கச் செய்யும். அப்பச்சோடாவுடன் சேர்த்தால் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். குளோரின் பிளீச்சுடன் கலந்தால் நச்சு வாயு கிளம்பும், ஒருபோதும் கலக்காதீர்கள். தேசி எண்ணெய் தோலில் பட்டு வெயில் அடித்தால் கொப்புளமும் கருமையும் வரலாம். இலை கசக்கும்போது கையுறை போடுங்கள், வெளியே போகுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.