எந்த ஆர்டரை எடுப்பது? ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு நோட்டிலிருந்து

திருப்பூரில் எங்கள் யூனிட்டில் 40 தையல் மெஷின்கள். அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிய முதல் வருடம் அது. ஆர்டர் குறைந்த ஒரு மாதத்தில், 8,000 ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு பீஸுக்கு ₹135 தருவதாக ஒரு பையிங் ஆபீஸ் (பையர் சார்பில் ஆர்டர் கொடுக்கும் இடைநிலை அலுவலகம்) சொன்னது. எங்கள் காஸ்டிங் ஷீட்டில் அடக்கவிலை ₹143. பீஸுக்கு எட்டு ரூபாய் நஷ்டப்பட்டு எதற்குத் தைக்க வேண்டும் என்று மறுத்துவிட்டேன். அந்த மாதம் பாதி மெஷின்களுக்கு வேலை இல்லை. நல்ல டெய்லர்கள் இரண்டு பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அந்த ஆர்டரை எடுத்திருந்தால் ₹96,000 மிஞ்சியிருக்கும் என்பது பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். கீழே வரும் விலைகள் எங்கள் நோட்டில் இருந்தவை. நீங்கள் இன்று உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணியிலிருந்து தொடங்குங்கள்

முதலில் ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி என்று பாருங்கள். எங்களுடையது 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது; சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்டுக்கான சாதாரண பின்னல் துணி. உடம்பு நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. மார்பு அகலம் 52, தையலுக்கு 4, ஆக 56. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து 2-ஆல் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் 210 கிராம் வரும். கட்டிங் வேஸ்ட் 8 சதவீதம், அப்புறம் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பின்னல் பட்டை), எல்லாம் சேர்த்து 235 கிராம்.

அடுத்தது கிலோ விலை. நூல் ₹260, நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது) ₹14, டையிங் (சாயம் போடுவது) ₹90, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி எடுப்பது) ₹10, மொத்தம் ₹374. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சாயப்பட்டறைக்கு 100 கிலோ அனுப்பினால் 100 கிலோ திரும்பி வராது. 95 கிலோ வருகிறது என்றால் 374-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும். அப்போது கிலோ ₹394. 235 கிராமுக்கு ₹92.60.

கட்டிங் முதல் பேக்கிங் வரை பீஸ் ரேட் கூலி ₹22. தையல் நூல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி ₹7. வண்டி வாடகை ₹1.40. இதுவரை ₹123.

கட்டட வாடகை, மேனேஜர், சூப்பர்வைசர், மெக்கானிக் சம்பளம், வங்கி வட்டி, மெஷின் தேய்மானம், மற்றவை என்று மாதம் ₹6,00,000 ஆகிறது. மாதம் 30,000 டி-ஷர்ட் தைக்க முடியும் என்பதால் பீஸுக்கு ₹20. ஆக ₹143. கடன் தவணையில் அசலை இதில் சேர்க்காதீர்கள். மெஷினின் விலை தேய்மானமாக ஏற்கெனவே வந்துவிட்டது, அசலையும் சேர்த்தால் ஒரே மெஷினை இரண்டு முறை எழுதியதாகும்.

இந்த ஷீட்டைப் பார்த்தாலே எங்கே கவனம் வேண்டும் என்பது தெரியும். ₹143-ல் கிட்டத்தட்ட ₹93 துணிக்குப் போகிறது. 10 கிராம் துணி ₹3.94. டெய்லரிடம் 25 பைசாவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். அதே கம்பெனியில் மார்க்கரை (துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற வரைபடத்தை) நெருக்கிப் போடாமல் பீஸுக்கு 10 கிராம் கட்டிங் வேஸ்ட் மூட்டையில் போகும். கூலியில் கை வைப்பதற்கு முன்னால் கட்டிங் மேஜைக்குப் போய் நில்லுங்கள். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

சும்மா நிற்கும் மெஷினுக்கு வேறு கணக்கு

அந்த ₹135 ஆர்டருக்கு வருவோம். அந்த மாதம் கையில் இருந்தது 15,000 பீஸ். புது ஆர்டரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ₹6,00,000 செலவாகத்தான் போகிறது. ஆர்டரை எடுத்தால் கூடுவது பீஸுக்கு ₹123 மட்டும். ₹135-ல் ₹123 போனால் ₹12, அதை 8,000-ஆல் பெருக்கினால் ₹96,000. நான் பார்க்க வேண்டிய எண் ₹123, பார்த்த எண் ₹143.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சிலர் மாதச் செலவை அந்த மாதம் தைத்த பீஸால் வகுப்பார்கள். 15,000-ஆல் வகுத்தால் பீஸுக்கு ₹40, அடக்கவிலை ₹163 ஆகிவிடும். ஆர்டர் குறையக் குறைய நம் விலை ஏறும், விலை ஏற ஏற இருக்கும் ஆர்டரும் போகும். எப்போதும் யூனிட்டின் வழக்கமான கொள்ளளவால் வகுங்கள்.

கூலியை நான் மாறும் செலவில் வைத்ததற்குக் காரணம் எங்களிடம் பீஸ் ரேட். உங்களிடம் ஷிப்ட் சம்பளம் என்றால் ஆள் வந்து உட்கார்ந்த பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சம்பளம் உண்டு. அப்போது அது மாதச் செலவுப் பக்கம் போகும், ஆர்டருக்கான அடித்தள விலை இன்னும் கீழே இறங்கும். ஓவர்டைம் மட்டும் ஆர்டரோடு சேர்ந்து மாறும்.

இப்படி விலையை இறக்கி எடுக்கும்போது பணம் எப்போது வரும் என்று முதலில் கேளுங்கள். 8,000 பீஸுக்கு நாம் முன்னால் போடுவது ₹9,84,000. 90 நாள் கழித்துத்தான் பணம் வரும் என்றால், 12 சதவீத வட்டியில் ₹29,520 போய்விடும். மிஞ்சுவது ₹66,480. பழைய பையர் அதே பீஸை ₹147-க்கு வாங்கிக்கொண்டிருந்தால் அவர் காதுக்கு ₹135 போய்ச் சேருமா என்பதையும் யோசியுங்கள். அடுத்த சீசனில் எல்லோரும் ₹135 கேட்டால் மாதச் செலவை யாரும் கட்டப் போவதில்லை.

மெஷின்கள் நிறைந்திருந்தால்

சீசனில் கேள்வி தலைகீழாகிவிடும். ஆர்டர் இரண்டு நிற்கிறது, மெஷின் போதவில்லை. டி-ஷர்ட்டை ₹147-க்குக் கொடுத்தால் ₹123 போக ₹24 நிற்கிறது. போலோவில் (காலர் வைத்த டி-ஷர்ட்டில்) ₹45 நிற்கிறது. யாரைக் கேட்டாலும் போலோவை எடு என்பார்கள்.

ஆனால் டி-ஷர்ட்டுக்குத் தையல் 8 நிமிடம். போலோவுக்குப் பிளாக்கெட் (கழுத்துக்குக் கீழே பட்டன் வரும் பட்டி), காலர் எல்லாம் சேர்த்து 20 நிமிடம். எங்கள் கொள்ளளவை நிமிடத்தில் சொன்னால் 30,000 பெருக்கல் 8, அதாவது மாதம் 2,40,000 நிமிடம். முழுக்க டி-ஷர்ட் தைத்தால் ₹7,20,000 நிற்கும், மாதச் செலவு போக லாபம் ₹1,20,000. முழுக்க போலோ தைத்தால் 12,000 பீஸ்தான் வரும், ₹5,40,000 நிற்கும், நஷ்டம் ₹60,000. பீஸுக்கு ₹45 தரும் பீஸில்தான் இந்த நஷ்டம்.

காஸ்டிங் ஷீட் இதைக் காட்டாததற்குக் காரணம், எல்லாப் பீஸுக்கும் ஒரே மாதிரி ₹20 என்று மாதச் செலவைப் பிரிப்பதுதான். ₹6,00,000-ஐ நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ₹2.50. போலோவின் பங்கு ₹50. அதில் நிற்பதோ ₹45. எனவே பீஸ் கணக்கை விட்டு நிமிடக் கணக்குக்கு மாறுங்கள். எந்த மெஷினில் நெரிசலோ அந்த மெஷினின் நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்லாக் (துண்டுகளை இணைத்து ஓரம் கட்டும் மெஷின்) சும்மா இருந்து பேட்லாக்கில் (மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மெஷினில்) குவியல் நின்றால், பேட்லாக் நிமிடம்தான் கணக்கு.

வெளியே தைக்கக் கொடுப்பதையும் இதே கண்ணால் பார்க்கலாம். உள்ளே தைத்தால் ₹22, வெளியே ஜாப் ஒர்க்கில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடத்தில்) ₹16 என்று ஒருவர் தன் ஷீட்டைக் காட்டினால், அந்த ₹22-ல் வாடகை, சூப்பர்வைசர் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். அது ₹8 என்றால் உள்ளே உண்மையில் கூடுவது ₹14. மெஷின் காலியாக இருக்கும்போது வெளியே கொடுத்தால் பீஸுக்கு ₹2 நஷ்டம். சீசனில் மெஷின் நிறைந்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கலரைத் தனித்தனியாகப் போடுங்கள்

எனக்கு அதிகம் வலித்த பாடம் இது. 10,000 பீஸ், நான்கு கலர், சம அளவு. டையிங் கிலோவுக்கு வெள்ளை ₹55, வெளிர் நீலம் ₹80, கறுப்பு ₹110, நேவி ₹115. சராசரி ₹90 என்று போட்டு விலை கொடுத்தேன். உறுதியான ஆர்டர் வந்தபோது கறுப்பு 5,000, நேவி 4,000, வெள்ளை 1,000. சராசரி ₹106.50 ஆகிவிட்டது. பீஸுக்கு ஏறக்குறைய ₹4.08 கூடியது, மொத்தம் ₹40,800. நான் கேட்காமல் விட்டேன், பையிங் ஆபீஸும் சொல்லவில்லை.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவும் டையிங் ரேட்டுக்குள்தான் இருக்கிறது. ஆற்றுக்காக அந்தச் செலவை நாம் கொடுத்தே ஆக வேண்டும். அதைப் பையருக்கு நேர்மையாகக் காட்டுவதில் தவறில்லை. இப்போது என் கொட்டேஷனில் கலருக்கு ஒரு விலை இருக்கும். கலர் விகிதம் மாறினால் விலை மாறும் என்று ஒரு வரியும் இருக்கும்.

ஆர்டர் முடிந்த பிறகு

சரக்கு போன வாரமே, போட்ட கணக்கையும் நடந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். திருப்பூர் காதர்பேட்டை சந்தைக்குப் போன செகண்ட்ஸ் (குறையுள்ள பீஸ்கள்), வேஸ்ட் விற்ற பணம் எல்லாம் அதில் வர வேண்டும். எங்களுக்கு ஒரு ஆர்டரில் லாபம் முழுக்கக் காணாமல் போயிருந்தது. கூலி சரி, நூல் விலை சரி. கடைசியில் பார்த்தால் 180 ஜிஎஸ்எம் என்று வாங்கிய துணி 188 வந்திருந்தது. பீஸுக்கு ₹4.12 துணியிலேயே போயிருக்கிறது, லாபம் வைத்ததோ ₹4.

அதிலிருந்து காம்பாக்டிங் முடிந்து வரும் துணியைக் கட்டிங்குக்கு விடும் முன், ரோலுக்கு மூன்று இடத்தில் வட்டக் கட்டரால் வெட்டித் தராசில் வைக்கிறோம். எண் கூடியிருந்தால் அந்த ரோல் மேஜைக்கு ஏறாது. கட்டிங் மாஸ்டருக்குத் தனி நோட்டு கொடுத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் அதை நானே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.