மூட்டுவலி மருந்து சாப்பிடும் நாயா? மலத்தைக் கவனியுங்கள்

வயதான நாய்க்கு மூட்டுவலி என்றால் மருத்துவர் பெரும்பாலும் மெலாக்சிகாம் அல்லது கார்ப்ரோஃபென் எழுதிக் கொடுப்பார். நொண்டல் குறைந்து வாலாட்டிக்கொண்டு வந்தாலும், மலத்தைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசியலாம். வாந்தி, சோற்றைத் தொடாமல் படுத்திருப்பது, தண்ணீரை மடக் மடக்கென்று அதிகம் குடிப்பது, ஈறு மஞ்சளாவது இவையும் சாதாரணமல்ல. சிறுநீரகமோ கல்லீரலோ அடிவாங்கியிருக்கலாம். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே அரிப்புக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஓடுகிறதா? முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிறு புண்ணாகும் ஆபத்து அதிகம். அப்புறம், வீட்டில் கிடக்கும், மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையான இபுபுரூஃபனைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம்.