வேலூர் வெயிலில் கெடாத அவசர கால மளிகை: சேர்ப்பதும் காப்பதும்

அவசரத்துக்கு உதவும் என்று முதன்முறையாக நான் மளிகை சேர்த்து வைத்த இடம் வீட்டுப் பரண். புரட்டாசியில் ஏற்றி வைத்த அரிசி, துவரம்பருப்பு, உரித்த வேர்க்கடலை ஆகியவற்றை அடுத்த சித்திரையில் இறக்கிப் பார்த்தபோது கடலையில் சிக்கு வாடை அடித்தது. பருப்பை உள்ளங்கையில் தேய்த்ததும் வெள்ளை மாவு ஒட்டியது. வண்டு குடைந்து முடித்திருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அரிசி மட்டும் பிழைத்தது, அதுவும் நான்கு முறை புடைத்த பிறகு. சாமானில் குறை ஒன்றும் இல்லை. பகல் முழுவதும் வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் இரவு முழுவதும் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது. அதற்கு ஒரு முழம் கீழே இருப்பதுதான் பரண்.

உணவைச் சேமிக்கச் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் ‘குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த இடம்’ என்று தொடங்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் இருட்டையும் உலர்வையும் நாம் ஏற்பாடு செய்துகொள்ளலாம்; குளிர்ச்சிக்கு வழியில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது உணவுத் துறையின் பொதுவான கணக்கு. ஆகவே பாக்கெட்டில் அச்சிட்ட தேதியை அப்படியே நம்பாமல், நம் ஊர் வெயிலைத் தாங்கும் பொருள்களையே தேர்ந்தெடுத்து, அவற்றைச் சரியான மாதத்தில் வாங்கி, அடுத்த கோடை வருவதற்குள் பெரும்பகுதியைத் தின்று தீர்ப்பதே இங்கே பொருந்தும் முறை.

எந்த அவசரத்துக்கு என்பதையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச் ஊரடங்கில் கடைக்குப் போக முடியாத நாட்களைப் பார்த்தோம். 2021 நவம்பரில், ஆண்டு முழுவதும் மணலாகவே கிடக்கும் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதையும் பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை வந்தால் மின்சாரம், குடிநீர், பால் மூன்றும் ஒன்றாக நிற்கக்கூடும். இவற்றைவிட அடிக்கடி வருவது, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட, மற்றவர்கள் கடைக்குப் போக நேரமும் கையில் பணமும் இல்லாமல் தவிக்கும் நிலை. இவை எல்லாவற்றுக்கும் 15 நாள் இருப்பு போதும் என்பது என் கருத்து. ஆறு மாதத்துக்குச் சேர்ப்பது நம் தட்பவெப்பத்தில் வண்டுக்கு விருந்து வைப்பதாகவே முடியும்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 நாள் என்றால் 60 ஆள்நாள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு அரிசியும் கேழ்வரகும் சேர்த்து 250 கிராம், பருப்பு 60 கிராம், வேர்க்கடலை 50 கிராம், வெல்லம் 30 கிராம், எண்ணெய் 30 மில்லி என்று வைத்தால் ஏறத்தாழ 1,700 கலோரி கிடைக்கும். வீட்டில் அடங்கியிருக்கும் நாட்களுக்கு அது ஒருவாறு போதும். உடலுழைப்பு இருப்பவருக்கு அரிசியைக் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கில் தானியம் 15 கிலோ, பருப்பு மூன்றரை முதல் நான்கு கிலோ, வேர்க்கடலைப் பருப்பு 3 கிலோ, வெல்லம் ஏறக்குறைய இரண்டு கிலோ, எண்ணெய் ஏறக்குறைய இரண்டு லிட்டர் வேண்டும். உப்பு ஒரு கிலோ போதும் என்றாலும் இரண்டாக வாங்குங்கள். அது கெடாது, மலிவு, ஊறுகாய்க்கும் உதவும்.

அரிசியில் ஒரு வருடம் பழையதான புழுங்கல் அரிசியே முதல் தேர்வு. ஆரணிப் பக்கத்து ஆலைகளில் இருந்து வரும் சிப்பங்களை வாங்கும்போது எந்தப் பருவத்து நெல் என்று கேட்டு வாங்கலாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலங்களுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு பல கடைகளில் 26 கிலோ சிப்பமே நிற்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு அன்றாடச் செலவும் அவசர இருப்பும் சேர்த்து அந்த ஒரு சிப்பம் சரியாக இருக்கும். பட்டை தீட்டாத அரிசி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதன் தவிட்டில் உள்ள எண்ணெய் நம் வெயிலில் சில மாதங்களிலேயே காறிவிடும் என்பதால் அதை மாதாமாதம் வாங்கி உண்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், வட ஆற்காட்டின் உண்மையான அவசர உணவு கேழ்வரகுதான். நம் வீடுகளில் ‘கேவுரு’ என்று சொல்லும் இந்தச் சிறு தானியத்தை வண்டு எளிதில் தொடுவதில்லை. நன்றாகக் காய்ந்த மணியாக வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மாவாக அரைத்துவிட்டால் இரண்டு மாதக் கணக்குத்தான். எனவே ஐந்து கிலோவை மணியாகவே வைத்து, இரண்டு கிலோவை மட்டும் மாவாக்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் போன நாளில் மாவு மில்லும் ஓடாது என்பதை மறக்க வேண்டாம். கம்பு மாவைச் சேமிக்கவே கூடாது, சில நாட்களிலேயே கசந்துவிடும். சவ்வாது மலைச் சாமையும் உமியோடு இருக்கும்வரைதான் பலம். தீட்டியதை இரண்டு மாதத்துக்குள் சமைத்துவிட வேண்டும்.

பருப்பு வகைகளில்தான் கவனம் அதிகம் வேண்டும், ஏனென்றால் வண்டின் முட்டை பெரும்பாலும் கடையிலிருந்தே கூட வருகிறது. ஒரு கடையில் ‘புதுச் சரக்கு’ என்று வாங்கிய துவரம்பருப்பு இருபதே நாளில் ஓட்டை விட்டதற்குப் பிறகு, பருப்பை வாங்கிய அன்றே டப்பாவில் போடுவதை நிறுத்திவிட்டேன். முறத்தில் புடைத்து, மொட்டை மாடியில் கறுப்புப் பாலித்தீன் தாளில் மெல்லியதாகப் பரப்பி, காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை இரண்டு நாள் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய ஒரு பருப்பைப் பல்லிடையே வைத்துக் கடியுங்கள்: ‘கடக்’ என்று இரண்டாக உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். முழுமையாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த ஈரமே பூசணத்துக்கு வித்தாகும். ஆறிய பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வைத்தால் வண்டு முட்டையிட முடியாமல் வழுக்கும். சமைக்கும் முன் வெந்நீரில் ஒரு முறை அலசினால் எண்ணெய் போய்விடும். வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடும் வழக்கத்தையும் விடவேண்டியதில்லை, ஆனால் அவை காவல் மட்டுமே. ஈரமான பருப்பை அவற்றால் காப்பாற்ற முடியாது. அரிசியில் போரிக் பவுடர் கலக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது நஞ்சு, வேண்டவே வேண்டாம்.

வேர்க்கடலையை உரிக்காமல் வையுங்கள். நம் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் இதை ஓட்டோடு வாங்கி, காதருகே குலுக்கிப் பார்த்தால், காய்ந்ததில் பருப்பு சலசலக்கும். சத்தம் வராததில் ஈரம் இருக்கிறது. ஈரக் கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றாக நீங்காது. எனவே பச்சையோ கறுப்போ படிந்த கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாம் என்று எண்ணாமல், அந்தப் பொட்டலத்தையே கழித்துவிட வேண்டும். மிளகாய் வற்றலுக்கும் இதே விதி.

காய்கறி இல்லாத நாட்களுக்கு நம் பாட்டிமார் வைத்துப் போன வழி வற்றலும் வடகமும். பங்குனியிலிருந்து வைகாசி வரை நம்மை வாட்டும் அதே வெயில் இதற்குத்தான் வேலைக்காரன். கத்தரிக்காய், கொத்தவரை, சுண்டைக்காய், மோர் மிளகாய் ஆகியவற்றை அந்த மாதங்களில் போட்டு வைத்தால் கார்த்திகை மழைக்குக் குழம்பு தயார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்தரிக்காயையும் விலை இறங்கும் நாளில் வாங்கி நறுக்கி உப்பு நீரில் போட்டெடுத்துக் காயவைக்கலாம். தாளிப்பு வடகம் தனிக் கலை. நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டையாக்கி, காலையில் உதிர்த்துக் காயவிட்டு, மாலையில் மீண்டும் உருட்டி வைப்பார்கள். இப்படிப் பத்து நாள் ஆனதும் உருண்டை கறுத்துக் கல்லாகும். வெறும் புளிக் கரைசலில் அதைக் கிள்ளித் தாளித்தால் தெருவுக்கே குழம்பு மணக்கும். அசைவ வீடுகளில் நன்றாகக் காய்ந்த கருவாடும் சேரட்டும். களிக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. கருவாட்டைத் தனி டப்பாவில் வைக்காவிட்டால் அரிசியும் அதே மணம் பிடிக்கும் என்பதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுப்பு எரிக்க முடியாத முதல் இரண்டு நாளுக்கென்று தனியாக ஒரு பை வேண்டும். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை, பொரி, வறுத்து அரைத்த சத்துமாவு, பால் பவுடர் என்று நெருப்பு கேட்காத பொருள்கள் மட்டும் அதில் இருக்க வேண்டும். அவலுக்கு நனைக்கச் சிறிது நீர் போதும். பொரி நமுத்துப்போகும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில், சிறிதளவே வைக்க வேண்டும். கைக்குழந்தைக்கான உணவு, நீரிழிவு மற்றும் ரத்த அழுத்த மாத்திரைகள், ஓஆர்எஸ் பொட்டலங்கள் ஆகியவையும் இந்தப் பையிலேயே இருக்கட்டும். ஓஆர்எஸ் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் சர்க்கரை தலை தட்டிய ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி கலந்து கொடுக்கலாம். உப்பு மட்டும் அளவு மீறக் கூடாது.

பரண் வேண்டாம் என்றேன். தரையிலும் வைக்கக் கூடாது. தாழ்வான தெருவில் தண்ணீர் முதலில் தரைக்குத்தான் வரும், சிமெண்ட் தரையின் ஈரமும் மூட்டையில் ஏறும். மேற்கு வெயில் படாத சுவரோரம், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, முழங்கால் உயரத்தில் ஒரு பலகையடித்து அதன்மேல் வைப்பதே நடுவழி. சமையலறை அடுப்புச் சூட்டால் கெடுக்கும் என்பதால் கூடத்து மூலையோ படுக்கையறையோ மேல். இறுக மூடும் எவர்சில்வர் சம்படமும் தகர டிரம்மும் எலிக்கும் வண்டுக்கும் தடை. பிளாஸ்டிக் டிரம்மை எலி கடித்துவிடும். புளியை மட்டும் கொட்டை நீக்கி, உப்பு பிசறி, பீங்கான் ஜாடியில் வையுங்கள். உலோகத்தை அது அரித்துவிடும். பெரிய டிரம்மில் அரிசி வைப்பவர்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய் போன்ற வண்டுப் பொறியை உள்ளே செருகலாம். காற்றைத் தேடி நகரும் வண்டு துளைவழி விழுந்து அடியில் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் என்று கொண்டால் நான்கு பேருக்கு 16 லிட்டர். 20 லிட்டர் கேன் நான்கு இருந்தால் ஐந்து நாள் தாங்கும். மின்சாரம் இல்லாதபோது ஆர்.ஓ. இயந்திரம் பயனற்றது, மழைநீர் புகுந்த சம்ப்பு நீரும் நம்பத் தகாதது. அப்படிப்பட்ட நீரைத் துணியில் வடிகட்டி, கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட்டு ஆறவைத்தால் கிருமி போகும். சாக்கடை கலந்த நீரைக் கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது. கேஸைச் சேமிக்கப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, பிறகு அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் விடலாம். உபரி சிலிண்டர் இல்லாதவர்கள் ஐந்து கிலோச் சிறு சிலிண்டர் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.

வாங்கும் காலம் ஆடி முதல் புரட்டாசிக்குள். எல்லாவற்றையும் ஒரே நாளில் லாங்கு பஜாருக்குப் போய் மூட்டை கட்டினால் பணமும் நெருக்கும், காயவைக்க இடமும் இருக்காது. வாரம் ஒரு பொருளாகச் சேருங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய மாதத்தைக் காகிதத்தில் எழுதி ஒட்டி, புதியதைப் பின்னால் தள்ளிப் பழையதை முன்னால் இழுக்க வேண்டும். இதைத் தனிக் களஞ்சியமாகப் பூட்டி வைக்காமல், தினமும் அதிலிருந்தே எடுத்துச் சமைத்து அதிலேயே நிரப்புவதுதான் எங்கள் வீட்டில் தோற்காத ஒரே முறை. எங்கள் வீட்டில் மார்கழிக் கடைசியில், போகிக்கு வீட்டைக் கழுவும்போது, மிச்ச அரிசியைச் சிறிய சம்படத்துக்கு மாற்றிவிட்டு டிரம்மைக் கழுவித் துடைத்து இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைக்கிறோம். தையில் வரும் புது அரிசியை அதில் உடனே கொட்டுவதில்லை. பொங்கலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதி சாக்கிலேயே காற்றாட இருக்கும்.