பழைய புத்தகக் குவியலில் கைநழுவிப் போகிறவை

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ சனி, ஞாயிறு சந்தைக்குப் போகும்போது, தறப்பாள் விரித்துப் பழைய புத்தகம் பரப்பியிருப்பவரைக் கண்டால் பலர் பெயர் தெரிந்த நாவலை மட்டும் தேடிவிட்டு எழும்பிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பிரபலமான தமிழ்நாட்டு நாவல் இன்று கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் யாழ்ப்பாணத்தில் புதிதாகவே வாங்கலாம். அதே குவியலின் அடியில் அட்டை கிழிந்து கிடக்கும் கல்வெட்டு மறுபடி கிடைக்காது.

ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் உறவினருக்குக் கொடுக்க அச்சடிக்கும் சிறு நினைவு நூலையே கல்வெட்டு என்கிறேன். தேவாரமும் புலம்பல் பாட்டும்தானே என்று தள்ளிவிடாமல் வம்சாவளிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஊரிலிருந்து வந்து, எந்தக் குளத்தின் கீழ் காடு வெட்டி வயலாக்கினார்கள், யார் யாரை மணந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கலாம். இரணைமடுக் குளம் 1920இல் கட்டி முடிந்த பிறகு அதை நம்பிக் குடியேறிய பல குடும்பங்களின் கதை வேறெங்கும் எழுதப்படவில்லை. பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலைய மலர் எல்லாம் இதே வகைதான். 2008, 2009 இடப்பெயர்வில் சனம் வீட்டு அலுமாரிகளை அப்படியே விட்டுத்தான் முள்ளிவாய்க்கால் வரை போனது. அதற்குப் பிறகும் மிஞ்சியவை இவை. இவற்றைக் கிலோக் கணக்கில் கச்சான் சரைக்குப் போக விடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தாளின் தரத்தைப் பார்த்து ஒதுக்குவதும் பிழை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் தாள் கிடைப்பதே அரிது. கிடைத்த தாளில், கிடைத்த மையில் அச்சடித்தார்கள். மங்கிய எழுத்தும் பழுப்புத் தாளும் அந்தக் காலத்தின் அடையாளம்.

விலை பேசலாம், ஆனால் அளவோடு. ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் இழுபறிப்பட்டால், அடுத்த முறை நல்லது வந்தாலும் அவர் உங்களை நினைக்கமாட்டார். அதைவிட, “அண்ணை, கல்வெட்டும் பழைய மலர்களும் வந்தால் எனக்கென்று எடுத்து வையுங்கள்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். கேட்க ஆள் உண்டு என்று தெரிந்தால்தான் அவரும் அவற்றைக் கழிவுத் தாளோடு சேர்க்காமல் விடுவார்.

காசு கொடுக்குமுன் பக்க எண்களைப் பாருங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்கத் தொகுதிகளாக, அதாவது பாரங்களாக அச்சாகி, மடித்துச் சேர்த்துக் கட்டப்படுகிறது. தையல் நூல் இற்றுப்போனால் ஒரு பாரமே முழுதாகக் கழன்றுவிடும். 48ஆம் பக்கத்துக்கு அடுத்து 65 வந்தால் நடுவில் ஒரு பாரம் இல்லை என்று பொருள். முதலையும் முடிவையும் மட்டும் புரட்டுகிறவருக்கு இது பிடிபடாது. நாவல் என்றால் விட்டுவிடலாம். கல்வெட்டு என்றால் குறையோடும் வாங்குங்கள்.

பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் வாங்குகிறவர்கள் அச்சான ஆண்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2019இல் உயர்தரப் பரீட்சை பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் நடந்தது. அதற்கு முந்திய வழிகாட்டி நூலை நம்பிப் படித்தால் பிள்ளை தேவையில்லாததைப் படித்துக்கொண்டிருக்கும். பழைய கணித நூல்கள் பயிற்சிக் கணக்குக்கு உதவும். அரச இலவசப் பாடநூலை மட்டும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே அலுமாரியில் அடுக்குவது பெரிய ஆபத்து. முதுகுப்புறத்தில் மண் ஒட்டியிருந்தால் கறையான் இருந்திருக்கிறது. சில நாட்கள் தனியாக வைத்துப் பாருங்கள். மாரியில் வாங்கியது ஈரமாக இருந்தால் உச்சி வெயிலில் காயப் போட வேண்டாம். தாள் முறுகி ஒடியும். நிழலில் காற்றுப்படப் பக்கங்களை விரித்து வையுங்கள். துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் கறைப்படுத்தும்.

அரிதானது கையில் வந்தால் பூட்டி வைக்காதீர்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் மலர்களையும் மின்வடிவில் இணையத்தில் சேர்த்துவருகிறது. உங்களிடம் உள்ளது அங்கே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் படியெடுக்கக் கொடுங்கள்.

உள்பக்கத்தில் இருக்கும் பெயரையோ முத்திரையையோ அழிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பள்ளிக்கூட வாசிகசாலை முத்திரை இருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். இடம்பெயர்ந்தபோது தொலைத்தது என்றால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.