இளம் வயதில் இடுப்பு மூட்டு வலி: பொறுப்பதா, மாற்றிக்கொள்வதா?

இடுப்பு மூட்டு மாற்று என்பது முதியவர்களுக்கான சிகிச்சை என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருப்பதால், முப்பதிலோ நாற்பதிலோ நொண்டி நடக்க நேர்ந்தவர் வலியோடு சேர்த்து, "இந்த வயதில் உனக்கு என்ன வலி?" என்ற கேள்வியையும் சுமக்கிறார். "இளம் வயது, முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்" என்று மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு என்றாலும், வயதை மட்டும் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை போதாது. வலியின் காரணம் என்ன, மூட்டு இன்று எந்த நிலையில் இருக்கிறது, வலியால் நீங்கள் எவ்வளவு வாழ்க்கையை இழந்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் வலி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். மூட்டிலிருந்தே எழும் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு அது முழங்காலில் மட்டுமே தெரிவதால், முழங்காலுக்கே மாதக்கணக்கில் சிகிச்சை நடந்துவிடுவதும் உண்டு. இடுப்பின் வெளிப்பக்க வலி தசைநாண்களிலிருந்தும், பிட்டத்து வலி முதுகுத்தண்டிலிருந்தும் வரக்கூடும்.

இளையவர்களிடம் காரணத்தைக் கண்டறிவதில்தான் மிகுந்த அக்கறை தேவை. தொடை எலும்பின் தலை பொருந்தும் மூட்டின் கிண்ணம் பிறவியிலேயே ஆழமின்றி அமைதல், சிறுவயதில் வந்துபோன இடுப்பு நோய், பழைய எலும்பு முறிவு, முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்கள் என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். அவற்றுள் விரைந்து கவனிக்க வேண்டியது, இரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி செத்துப்போகும் ஏ.வி.என். என்ற நிலையாகும். அதிக அளவில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களுக்கும், தொடர்ந்து மிகுதியாக மது அருந்துபவர்களுக்கும், அரிவாள் அணுச் சோகை உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே தெரியலாம் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருந்தும் தொடை இடுக்கு வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பின் தலை நொறுங்கி அமிழ்வதற்கு முன் கண்டறிந்தால், அதில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையால் சிலருக்குச் சொந்த மூட்டைக் காப்பாற்ற முடிகிறது. அமிழ்ந்த பிறகு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிப்போகிறது. கிண்ணம் ஆழமற்றவர்களுக்கும், குருத்தெலும்பு தேய்வதற்கு முன்பாகவே கிண்ணத்தைத் திருத்தியமைக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடியவை பல. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பது பலரும் செய்யும் தவறு. நடக்கும்போது இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுவதால், எடையில் சிறிது குறைந்தாலும் மூட்டுக்கு ஆறுதல் கிடைக்கும். பிசியோதெரபிஸ்டிடம் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, ஓட்டத்துக்குப் பதிலாக நீச்சலையோ மிதிவண்டியையோ நாடலாம். வலி மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையின்றி நீண்ட காலம் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால், தொற்று அபாயம் கருதி அதன்பின் மூன்று மாதங்களுக்கு மாற்று அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பது வழக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, காலுறை அணியக் குனிய முடியவில்லை, வேலையும் குழந்தைகளோடு விளையாடுவதும் கைவிட்டுப்போகின்றன, எக்ஸ்ரேயிலும் மூட்டு அழிந்திருப்பது தெரிகிறது என்றால், வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது சரியல்ல என்பதே என் கருத்து. தள்ளிப்போடும் ஆண்டுகளில் தசைகள் மெலிகின்றன, முதுகும் முழங்காலும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, செயற்கை இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றுள் பல பழைய தலைமுறையைச் சேர்ந்தவை. இன்றைய மூட்டுகளில் பயன்படும் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக்கும் செராமிக்கும் மெதுவாகவே தேய்கின்றன. ஆனாலும், இளம் வயதில் மாற்றிக்கொள்பவருக்கு வாழ்நாளில் இரண்டாம் முறை அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு முதியவரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை அறிந்தே சம்மதிக்க வேண்டும். எந்த வகை மூட்டு, ஏன் அது, பிற்காலத்தில் மாற்ற நேர்ந்தால் எலும்பு எவ்வளவு மிஞ்சும் என்று தயங்காமல் கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே புகைப்பழக்கத்தை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, சொத்தைப் பற்களுக்குச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கத் தொடங்குகிறார்கள். முதல் சில வாரங்களில் கால்மேல் கால் போடுவது, மிகத் தாழ்வான இருக்கையில் அமர்வது, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னால் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். எந்தத் திசையிலிருந்து மூட்டைத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கட்டுப்பாடுகள் மாறும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

இளையவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளும் உண்டு. தாம்பத்திய உறவைச் சில வாரங்களுக்குப் பின், பாதுகாப்பான நிலைகளில் தொடரலாம். செயற்கை மூட்டு பொருத்தியவர்கள் கருவுறவும், இயல்பாகப் பிரசவிக்கவும் முடியும். மேசை வேலைக்கு ஒன்று முதல் இரண்டு மாதங்களிலும், உடலுழைப்பு வேலைக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னரும் திரும்புவது வழக்கம்.

பொருத்தப்பட்ட மூட்டின் வகையும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் வேறொரு மருத்துவர் மூட்டை மாற்ற நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அதைத்தான். வலியே இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன கால இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தேய்மானத்தால் சுற்றியுள்ள எலும்பு கரைவது நெடுங்காலம் வலியின்றியே நடக்கக்கூடும்.