தீபாவளிக்குக் காய்ந்த மை காவடிக்குக் காயாது: ரப்பர் ஸ்டாம்ப் வாழ்த்து அட்டை செய்யும் முறை

மொரிசியஸில் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் அக்டோபர். அந்த வாக்கில் தீபாவளி அட்டை அச்சிட உட்கார்ந்தால் எந்த மையும் சொன்னபடி கேட்கும். அதே மை, அதே தாளோடு தைப்பூசக் காவடிக்கு அச்சிட்டுப் பாருங்கள். புயல் பருவம், காற்றெல்லாம் ஈரம். காய்ந்துவிட்டது என்று நினைத்து அடுக்கினால் ஓர் அட்டையின் படம் இன்னோர் அட்டையின் முதுகில் ஒட்டியிருக்கும். மேட்டுநில ஊர்களான க்யூர்பீப், வாக்வா பக்கம் இன்னும் மோசம்; கடலோரப் போர்ட் லூயிஸில் கொஞ்சம் தேவலாம். எனவே என்ன படம் என்று யோசிப்பதற்கு முன்னால் மையையும் தாளையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மையில் இரண்டு வகை. சாய மை தாளுக்குள் இறங்கிக் காயும்; மழைக்காலத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளுக்கும். நிறமி மை தாளின் மேலேயே தங்கும். நிறம் அடர்த்தியாக இருக்கும், எளிதில் வெளுக்காது, ஆனால் மெதுவாகத்தான் காயும். பளபளப்புத் தாளில் இரண்டுமே தகராறு செய்யும். நிறமி மையை எம்பாசிங் பொடி (சூட்டில் உருகிப் புடைப்பாக நிற்கும் பொடி) தூவிச் சூடாக்காமல் விட்டால் அதில் காயவே காயாது என்று வைத்துக்கொள்ளலாம். அலுவலக முத்திரைக்கு வைத்திருக்கும் ஊதா இங்க் பேட் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அந்த மை அட்டைத் தாளில் இழையோடு பரவி, கோட்டைச் சுற்றி மயிர் முளைத்தது போல ஆகிவிடும்.

தாள் 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), வழவழப்பான, ஆனால் பளபளக்காத மேட் ரகம். 160க்குக் கீழே போனால் அட்டை நிற்காமல் சாயும். 300க்கு மேலே போனால் மடிப்பில் வெடிக்கும். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் மெல்லிய கோடுகள் விட்டு விட்டு விழும். தாளைப் பிரித்த கவரிலேயே போட்டு வாயை ஒட்டி வையுங்கள். ஈரம் குடித்த தாளில் மை விரியும்.

அளவுக்கு மூளையைக் கசக்க வேண்டாம். ஏ4 தாளை நீளப் பக்கத்தின் நடுவில் குறுக்கே வெட்டினால் இரண்டு ஏ5. ஒவ்வொன்றும் 148க்கு 210 மி.மீ. 210 பக்கத்தில் 105ஆவது மி.மீ.யில் மடித்தால் ஏ6 அட்டை. 114க்கு 162 மி.மீ. உள்ள சி6 உறையில் சரியாக உட்காரும். ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், அதனால் இந்த மடிப்பு இழையோடு போய்விடும். சந்தேகமிருந்தால் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள்; எளிதாக வளைகிற பக்கத்தில்தான் மடிக்க வேண்டும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு அழுத்தி, பள்ளம் வெளியேயும் புடைப்பு உள்ளேயும் வரும்படி மடித்து, ஸ்பூனின் முதுகால் ஒரு தேய். புடைப்பை வெளியே வைத்து மடித்தால் மடிப்பின் முதுகு உரிந்து வெள்ளை இழை தெரியும்.

கடையில் விற்கும் ஸ்டாம்ப்களில் குத்துவிளக்கோ மயிலிறகோ கிடைத்தாலும் தமிழ் எழுத்து கிடைப்பது அரிது. அதை நாமே செதுக்க வேண்டும். வெள்ளை வினைல் அழிப்பான், சற்றுப் பெரியது, போதும். ட்ரேசிங் தாளில் 4பி பென்சிலால் எழுத்தை நேராகவே எழுதுங்கள். பென்சில் பக்கம் கீழே இருக்கும்படி அழிப்பான்மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகவே தலைகீழாக, அதாவது இடவலம் மாறி இறங்கிவிடும், அச்சிடும்போது நேராகும். “கண்ணாடியில் பார்ப்பது போல எழுத வேண்டுமாமே” என்று தாளிலேயே திருப்பி எழுதிவிட்டுப் பிறகு கவிழ்ப்பவர்கள் உண்டு. இரண்டு முறை திருப்பினால் பழைய கதைதான், அச்சில் எழுத்து திரும்பி விழும்.

எழுத்தின் உயரம் குறைந்தது 12 மி.மீ., கோட்டின் தடிமன் 1.5 மி.மீ. அதற்குக் குறைந்தால் ண, ழ, ள போன்றவற்றின் சுழி மையால் அடைத்துக்கொள்ளும். சுழியைக் கத்தியால் தோண்டாதீர்கள். காலி ரீஃபிலின் வெறும் குழாய் முனையால் குத்தித் திருகினால் வட்டமாக வந்துவிடும். மற்ற இடங்களுக்கு ‘வி’ வடிவ முனை உள்ள லினோ கட்டர் என்ற செதுக்கும் கருவி. கட்டரை நிலையாகப் பிடித்து அழிப்பானைத் திருப்புங்கள். வெட்டு எழுத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், அடி அகலமாக இருக்க வேண்டும். அடியைக் குடைந்துவிட்டால் அழுத்தும்போது விளிம்பு மடங்கி எழுத்து குண்டாகும், நாலு அச்சில் பிய்ந்தும் போகும். மெய்யெழுத்துப் புள்ளியைச் செதுக்கவே வேண்டாம். தனியாக நிற்கிற அந்தக் குட்டித் துண்டுதான் முதலில் உடையும். வாழ்த்து என்று புள்ளியில்லாமல் அச்சிட்டுவிட்டு, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையை மையில் தொட்டு ழவுக்கும் முதல் தவுக்கும் மேலே வைத்தால் முடிந்தது.

அச்சிடும்போது ஸ்டாம்ப்பைக் கவிழ்த்து பேடில் குத்துவது பழக்கம். பெரிய ஸ்டாம்ப்புக்கு அது ஆகாது: மை பள்ளத்திலும் ஏறி, படத்தைச் சுற்றி அழுக்குக் கறையாக விழும். ஸ்டாம்ப்பை மல்லாக்க வைத்து, பேடால் அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். தாளின் அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள் இருக்கட்டும். வெறும் மேசைமேல் வைத்தால் படத்தின் நடுவில் மை விழாது. நேராக இறக்கி, விரல்களால் பரவலாக அழுத்தி, நேராக எடுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் விளிம்பு இரண்டாகத் தெரியும். கடையில் வாங்கிய புதிய ஸ்டாம்ப்பில் மை முத்து முத்தாக நின்றால், அதை வார்க்கும்போது வார்ப்பச்சில் தடவிய எண்ணெய்ப் பூச்சு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி அச்சிடுங்கள்.

விளக்கு வரிசை வேண்டுமென்றால் முதல் விளக்கை அட்டையில் அச்சிட்டு, அதே விளக்கை ஓரம் ஒட்டும் குறிப்புத் தாளிலும் அச்சிட்டு வெட்டி எடுங்கள். வெட்டும்போது கோட்டுக்கு அரை மி.மீ. உள்ளே வெட்டினால்தான் இரண்டுக்கும் நடுவில் வெள்ளை இடைவெளி வராது. அதை முதல் விளக்கின்மேல் ஒட்டி, பின்னால் இரண்டாவதைப் பாதி மறையும்படி அச்சிடுங்கள். உரித்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

பொன்னிறப் புடைப்பெழுத்துக்கு நிறமி மையும் எம்பாசிங் பொடியும் தேவை. மை ஈரமாக இருக்கும்போதே பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்ட வேண்டும். ஈரக் கையால் தொட்ட இடமெல்லாம் பொடி ஒட்டிக்கொள்ளும். அச்சிடுவதற்கு முன் சோள மாவைத் துணியில் முடிந்து தாளில் ஒற்றி எடுத்தால் ஒட்டாது. முடி உலர்த்தும் டிரையர் பயன்படாது, சூடு போதாது, பொடியையும் ஊதித் தள்ளிவிடும். ஹீட் கன் (கடும் சூட்டுக் காற்று வீசும் கருவி) இல்லையென்றால் துணி தேய்க்கும் பெட்டியை நன்றாகச் சூடாக்கி, அதன் அடித்தட்டு மேலே பார்க்க யாராவது பிடித்துக்கொள்ள, அட்டையின் பின்பக்கத்தை அதற்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் காட்டுங்கள். பொடி மின்னத் தொடங்கிய நொடியில் எடுத்துவிட வேண்டும். இன்னும் வைத்தால் பொன் தாளுக்குள் இறங்கி எண்ணெய்ப் பசை போலத் தெரியும்.

மரக்கட்டை ஸ்டாம்ப்பைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், பசை விட்டுவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். செதுக்கிய வினைல் அழிப்பானைப் பிளாஸ்டிக் டப்பாவில் நேரடியாக வைத்தால் இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும், தாளில் சுற்றி வையுங்கள். காவடிக்கான அட்டைகளைக் காற்றாடிக்கு அடியில் ஓர் இரவு தனித்தனியாகப் பரப்பிவிட்டு, மறுநாள் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்.