மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்து அசதி: நானும் செய்த தவறுகள்

சென்ற மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண வீட்டில், மேல்மாடியிலிருந்து பாய் எடுத்து வரப் போன ஒருத்தி பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தங்கை முறை, வயது நாற்பத்தாறு. என்னவென்று கேட்டதற்கு, “நிக்கப் போற காலம், மிஸி அக்கா. கெட்ட ரத்தம் எல்லாம் கொட்டித் தீரட்டும்னு விட்டுட்டேன்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அவள் கையிலிருந்த குவளையில் தண்ணீர் இல்லை, வெறும் ஐஸ்கட்டிகள். ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டப்புறத்தில் தாதியை மிஸி என்றுதான் அழைப்பார்கள். நான் பல ஆண்டுகள் தோட்டங்களைச் சுற்றியிருந்த கிராம கிளினிக்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாற்பத்தேழு வயதிலிருந்து ஐம்பத்தொன்று வரை நானும் அந்தப் படியில் உட்கார்ந்தவள்தான், அதே ஐஸைக் கடித்தவள்தான். தண்ணீர் குடியுங்கள், நடங்கள், கவலைப்படாதீர்கள் என்பவை எல்லோரும் சொல்வதால் அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் வயதின் தலையில் போடுவது

மாதவிலக்கு தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராமலிருந்தால்தான் அது நின்றுவிட்டது என்று மருத்துவம் கணக்கு வைக்கிறது. சராசரியாக அது 50, 51 வயதில் நிகழ்கிறது. அதற்கு முன் நான்கைந்து ஆண்டுகள், சிலருக்கு அதைவிடவும் நீளமாக, சூலகம் ஒரு மாதம் வேலை செய்யும், ஒரு மாதம் செய்யாது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் ஏறி இறங்கும். தூக்கத்திற்கு ஓரளவு உதவும் இன்னொரு ஹார்மோனான புரொஜெஸ்ட்டிரோன் குறையும். நள்ளிரவில் உடம்பு திடீரெனக் கொதித்து வியர்த்து விழிப்பு வரும். ஆகவே இந்தக் காலத்து அசதி கற்பனையன்று, சோம்பலும் அன்று.

ஆனால் இதே அசதியை ரத்தசோகையும் தரும், தைராய்டுக் குறைவும் தரும், சர்க்கரையும் தரும், மனச்சோர்வும் தரும். மலேசியாவின் 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதிலும் நம் இந்தியச் சமூகம் நெடுங்காலமாகவே முன்வரிசையில் நிற்கிறது. அப்படியிருக்க, ஒரு சொட்டு ரத்தம்கூடப் பரிசோதிக்காமல் “வயசுதான்” என்று முடிவு கட்டுவது எப்படிச் சரியாகும்? ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பிலுள்ள இரும்பின் இருப்பு), தைராய்டு, சர்க்கரை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் காரணம் அகப்படவில்லை என்றால் பழியை வயதின்மேல் போட்டுக்கொள்ளலாம்.

“கெட்ட ரத்தம் போகட்டும்” என்று விடுவது

இந்தத் தவறைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பெரும்பகுதி என்மேலேயே.

கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. முட்டை வெளியாகாத மாதங்களில் புரொஜெஸ்ட்டிரோன் சுரப்பதில்லை; அப்போது ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக நின்று கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும்; அந்தச் சுவர் பின்னர் ஒழுங்கில்லாமல் உதிரும்போது ரத்தப்போக்கு அதிகமாகவும் பல நாள் நீண்டும் வருகிறது. வெளியேறுவது உங்கள் ரத்தக் குழாய்களில் ஓடிய அதே நல்ல ரத்தம்தான். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து போகிறது. 150 மில்லிலிட்டர் போனால் 75 மில்லிகிராம். நம் குடலோ ஒரு நாளில் உணவிலிருந்து ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் எடுத்துக்கொள்ளும், அதிலும் ஒரு பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே போய்விடும். அந்தக் காலத்துத் தோட்டக் கடையில் சம்பள நாளுக்கு முன்பே பற்று ஏறிக்கொண்டே போகுமே, அதுபோல மாதாமாதம் கடன் கூடும். நாம் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் போக்கு எட்டு, ஒன்பது நாள் நீடித்தது. இரண்டு பஞ்சுத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டும் ஒரு மணி நேரத்திற்குள் மாற்ற வேண்டியிருந்தது. காரில் உட்காரும் இடத்தில் பழைய பாத்தேக் துணி ஒன்றை மடித்துப் போட்டிருந்தேன். கல்யாணத்திற்குப் போனால் கறுப்பு, கரும்பச்சை தவிர வேறு நிறச் சேலை கட்டுவதில்லை. ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தன. இரவில் காலுக்குள் எறும்பு ஊர்வது போலிருக்கும், நீட்டி மடக்கிக்கொண்டே கிடப்பேன், தூக்கம் வராததற்கும் வயதையே காரணம் சொல்லிக்கொண்டேன். தே ஐஸ் வாங்கினால் தேநீரைக் குடித்து முடித்தபின் பையின் அடியிலிருக்கும் ஐஸைக் கடிப்பதற்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லலாம். நடு இரவில் நான் ஐஸ் கடிக்கும் சத்தத்தில் தூக்கம் கலைந்து என் கணவர் சண்டை போட்டிருக்கிறார். ஐஸ் மேல் வரும் அடங்காத ஆசையும், இரவில் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் அந்த ஊறலும் இரும்புச்சத்துக் குறைவின் நன்கறிந்த அடையாளங்கள். பாடத்தில் படித்தவள் நான்.

எரிச்சல் எங்கே என்றால், இப்படியே கழிந்த பதினெட்டு மாதங்களும் என் மேசைமீதே ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி இருந்தது. கர்ப்பிணிகள் வரிசையில் வந்து உட்காருவார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு துளி, ஒரு நிமிடத்திற்குள் எண் வந்துவிடும். “பத்துக்குக் கீழே போயிருக்கும்மா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடணும்” என்று ஒவ்வொருத்தியையும் அதட்டுவேன். நூற்றுக்கணக்கான விரல்களைக் குத்திய கை என் விரலை ஒருமுறைகூடக் குத்தவில்லை. அதற்குப் பதிலாக மாதம் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, தெரிந்தவர் ஒருவர் விற்ற சத்துப் பொடியை டின் டின்னாகக் கலக்கிக் குடித்தேன்.

ஒரு சனிக்கிழமைக் காலை, பாசாரில் மீன் கடை முன்னால் விழுந்தேன். மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே உலகச் சுகாதார நிறுவனம் அதை ரத்தசோகை என்கிறது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்ட இளம் டாக்டரிடம், நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே கணக்கு வையுங்கள். ஒன்று, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பேடு மாற்ற வேண்டியிருந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், ஐம்பது காசைவிடப் பெரிய கட்டி விழுந்தால், இரவில் துணி மாற்றவே எழ வேண்டியிருந்தால், அது “அப்படித்தான் இருக்கும்” என்று விடுகிற போக்கு அன்று. கிளினிக்கில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் தட்டிலிருக்கும் சோறு என்றால் ஃபெரிட்டின் அரிசித் தொட்டி. தட்டில் சோறு தெரிகிற நாளிலும் தொட்டி காலியாக இருக்கலாம். 12.1 என்று அறிக்கையில் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய் அசதியில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். அசதி இருக்கும்போது 30க்குக் கீழே இருந்தாலே பல டாக்டர்கள் சிகிச்சை தொடங்குகிறார்கள். எல்லா அரசாங்க கிளினிக்கிலும் அது உடனே கிடைக்காமல் போகலாம், கேட்டால் வழி சொல்வார்கள். ஹீமோகுளோபினைப் பொறுத்தவரை ஒரு வெள்ளிச் சீட்டோடு முடிகிற காரியம் அது.

நம் நாட்டில் தாலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாட்டைச் சுமப்பவர்கள் நிறைய இருப்பதால், ஃபெரிட்டினைப் பார்க்காமல் நீங்களாக மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவதும் தவறு. சுமப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்திருந்தாலும் இரும்பு போதுமான அளவு இருக்கலாம்.

இரும்பை நிரப்புவது பாதி வேலைதான். ஓட்டையையும் அடைக்க வேண்டும். எனக்கு ஸ்கேனில் கருப்பையில் நார்த்திசுக் கட்டி தெரிந்தது. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்குப் போக்கு மாறினால் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். அதைக் கேட்டுப் பயந்து ஓடாதீர்கள். போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, கர்ப்பப்பையை எடுப்பது கடைசியில் வரும் பேச்சு.

மாத்திரையும் தேத்தண்ணியும்

மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை என்று திரும்பி வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எதோடு விழுங்குகிறீர்கள் என்பதுதான். பத்தில் எட்டுப் பேர் பசியாறிவிட்டு, தே தாரிக் குடிக்கும்போது அதோடு சேர்த்து விழுங்குகிறார்கள். தேநீரிலும் காப்பியிலும் இருக்கும் பொருள்கள் இரும்பைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலும் கால்சிய மாத்திரையும் தடுக்கும், வயிற்றுப் புண்ணுக்கான சில மருந்துகளும் தடுக்கும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடோ ஒரு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்த தண்ணீரோடோ விழுங்கிவிட்டு, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வயிறு தாங்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அப்படிச் சாப்பிடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

தெம்பு வந்தவுடன் நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. முதலில் நிரம்புவது தட்டு. தொட்டி நிரம்ப அதற்குப் பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஐஸ் ஆசை மட்டும் சீக்கிரமே போய்விடும்.

விரதத்தில் இதை மறப்பது

தைப்பூசத்திற்கு நாற்பத்தெட்டு நாள், பிறகு புரட்டாசி என்று நம் வீடுகளில் விரதம் தொடரும். விரதத்தை விடச் சொல்ல நான் யார்? ஆனால் காய்கறி, பருப்பிலிருக்கும் இரும்பு இறைச்சி, மீனிலிருப்பதைப்போல எளிதில் உடம்பில் சேர்வதில்லை. சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டு, சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதை நிறுத்தினாலே ஓரளவு ஈடாகும். நேர்த்திக்கடனுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். நிறுத்தியதும் வரும் போக்கைத் தாங்கும் நிலையில் உங்கள் தொட்டி இல்லாதிருக்கலாம்.

ஹார்மோன் பாக்கேஜ் எடுப்பது

ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்க்கும் இந்தப் பரிசோதனை நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வீண் செலவு. அந்த அளவு வாரத்திற்கு வாரம் மாறும்.

மூன்றே நாளில் தெம்பு தரும் ஜாமு

ஜாமு என்னும் மூலிகை மருந்தைக் குடித்து மூன்றே நாளில் மூட்டு வலியும் அசதியும் பறந்துபோனால் சந்தேகப்படுங்கள். பதிவில்லாத சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு தெம்பைப்போல ஒன்றைத் தரும், கூடவே சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் ஏற்றிவிடும். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நாலு மணிக்கு எழுவதைப் பெருமையாக நினைப்பது

விடியலின் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால், எங்கள் அம்மாக்கள் நாலு மணிக்கே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்திற்கு) போனார்கள். அவர்கள் எட்டு மணிக்கெல்லாம் படுத்தும் விட்டார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) குடிவந்த பிறகும், நாம் நாடகம் முடிந்து பதினொன்றரைக்குப் படுத்து, நாலு மணிக்கு எழுகிறோம். வியர்த்து விழித்த நேரத்தை அதிலிருந்து கழித்தால் மூன்றரை மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. மாலை ஐந்து மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி இரவு பத்து, பதினோரு மணிக்கும் உடம்பிலேயே இருக்கிறது.

இரும்பு சரியாகி, தைராய்டும் சரியாக இருந்து, வியர்வைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். அந்தச் சிகிச்சை ஆபத்து என்று 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வைக் கேள்விப்பட்டு உலகமே பயந்தது. பின்னர் அதே தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்குக் கீழே, மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்குபவர்களில் பலருக்கு நன்மையே மிகுதி என்று தெரியவந்தது. மார்பகப் புற்று, ரத்தக் கட்டு வந்தவர்களுக்கு அது பொருந்தாது. குறட்டை பலமாக விட்டு, காலையில் தலைவலியோடு எழுந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இந்த வயதுப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது, ஆண்களுக்கு மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனிமேல் பிள்ளை தங்காது என்று நினைப்பது

தங்கும். அசதியோடு நாளும் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள்.

ஓராண்டு நின்ற பிறகு தெரியும் ரத்தம்

ஒரு சொட்டானாலும் அந்த வாரமே டாக்டரிடம்.